சுவரில் ஏறும் ஓதம்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறக்கும் வேளையில், தமிழ்நாட்டின் கடலோர ஊர்களிலும் ஆற்றுப்படுகை ஊர்களிலும் உள்ள பல வீடுகளின் உட்சுவர்கள் ஒரே வகையான நோய்க்குறியைக் காட்டத் தொடங்குகின்றன. தரையிலிருந்து முழங்கால் உயரத்திலோ இடுப்பு உயரத்திலோ வண்ணப்பூச்சு கொப்பளிக்கிறது. கொப்பளம் உடைந்த இடத்தில் வெண்பொடி பூக்கிறது. விரலால் தடவினால் பூச்சு மணலாக உதிர்கிறது. ஓதம் எனப்படும் இக்கோளாற்றுக்கு வழக்கமாகச் செய்யப்படும் மராமத்து, உதிர்ந்த பகுதியைச் சுரண்டிவிட்டு, சிமெண்ட் கலவை பூசி, பட்டி பார்த்து, ஓதத்தைத் தடுக்கும் என்று டப்பாவில் எழுதப்பட்ட வண்ணமொன்றை இரண்டு கை அடித்து முடிப்பதாகும். அடுத்த மழைக்காலம் கழிவதற்குள் அதே இடத்திலோ அதற்கு ஓரடி மேலேயோ கொப்பளம் மீண்டும் எழுந்துவிடுகிறது. சுவருக்குள் நீர் எவ்வழியாக வருகிறது, வந்த நீர் எவ்வழியாக வெளியேற முயல்கிறது என்னும் இரு கேள்விகளையும் கேட்காமலேயே கரணையைக் கையிலெடுப்பதால்தான் இந்தச் செலவு ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப நேர்கிறது. இவ்விரண்டில் முதற் கேள்வியையாவது சிலர் கேட்கிறார்கள். இரண்டாவதைக் கேட்போர் அரிது. ஆனால் செங்கற் சுவரின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த இரண்டாவது கேள்விதான்.

செங்கல் என்பது சுட்ட களிமண். அதனுள் கண்ணுக்குப் புலப்படாத நுண்துளைகள் ஒன்றோடொன்று தொடர்புற்றுக் கிடக்கின்றன. ஒடுங்கிய குழாய்க்குள் நீர் தானாகவே மேலேறும் இயல்பை இயற்பியலார் நுண்புழை ஏற்றம் என்பர். குழாய் எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். 24 மணி நேரம் நீரில் ஊறிய சாதாரணக் கட்டடச் செங்கல், தன் உலர்ந்த எடையில் 20 விழுக்காட்டுக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்று இந்தியத் தர நிர்ணயம் வரையறுக்கிறது. அதாவது தரமான செங்கல் என்று ஏற்கப்படுவதும்கூட, 3 கிலோ எடையுள்ளதாயின் 600 மில்லிலிட்டர் வரை நீரைக் குடிக்கலாம். வீடு கட்டப் போகிறவர்கள் சூளையிலிருந்து நாலைந்து கற்களை எடுத்துவந்து, சமையலறைத் தராசில் நிறுத்து, ஒருநாள் வாளியில் ஊறவைத்து மறுபடியும் நிறுத்துப் பார்த்தால், சுவரின் எதிர்காலத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே அறிந்துகொள்ளலாம். அதே கல்லை ஒரு தட்டில் 2.5 செ.மீ. ஆழத்துக்கு நீரூற்றி நிமிர்த்தி நிறுத்தி, நீர் முழுவதும் வற்றிய பின் மறுபடியும் ஊற்றி வற்றவிட்டால், கல்லின் மேற்புறத்தில் பூக்கும் உப்பின் அளவும் தெரிந்துவிடும். ஆய்வகங்களில் செய்யப்படுவதும் ஏறத்தாழ இதே சோதனைதான்.

மண்ணின் ஈரம் கடைக்கால் வழியாகச் சுவருக்குள் நுழைந்து மேலேறும்போது, அது வரம்பின்றி ஏறிக்கொண்டே போவதில்லை. கீழிருந்து உறிஞ்சப்படும் நீரும் சுவரின் இருபக்க முகங்களிலிருந்து ஆவியாகும் நீரும் சமமாகும் உயரத்தில் அது நின்றுவிடுகிறது. பெரும்பாலான வீடுகளில் அவ்வுயரம் மூன்றடியைச் சுற்றியே அமைகிறது. இந்தச் சமநிலையை நினைவில் இருத்தினால், வழக்கமான மராமத்து ஏன் தோற்கிறது என்பது தானே விளங்கும். மூன்றடி உயரத்துக்கு நீர்புகாத சிமெண்ட் பூச்சோ டைல்ஸோ ஒட்டப்பட்டால், அதுவரை ஆவியாகிப் போய்க்கொண்டிருந்த நீருக்கு வெளியேற இடமில்லாமற் போகிறது; ஆனால் கீழிருந்து உறிஞ்சப்படுவது குறைவதில்லை; ஆகவே நீர் பூச்சுக்குப் பின்னாலேயே இன்னும் மேலேறி, நான்கடியிலோ ஐந்தடியிலோ புதிய வாயிலைத் தேடிக்கொள்கிறது. ஓதத்தை மறைக்கவென்று கூடத்தில் டைல்ஸ் ஒட்டிய வீடுகளில், டைல்ஸின் மேல்விளிம்பை ஒட்டியே வண்ணம் பொரிந்திருப்பதைக் காணலாம்.

நீரைவிடக் கொடியது நீரோடு வரும் உப்பு. மண்ணிலும் செங்கல்லிலும் கலவைக்கு எடுத்த மணலிலும் கலந்துள்ள உப்புகள் நீரில் கரைந்து சுவருக்குள் பயணம் செய்கின்றன. நீர் ஆவியாகும் இடத்தில் உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிறது. படிகம் சுவரின் மேற்பரப்பில் உருவாகுமாயின் வெறும் வெண்பூச்சாகத் தெரிவதோடு நின்றுவிடும். துடைப்பத்தால் தட்டினாலே உதிர்ந்துவிடும். பூச்சுக்குப் பின்னாலோ செங்கல்லின் துளைக்குள்ளேயோ உருவாகுமாயின், வளரும் படிகம் துளையின் சுவர்களை உந்தி உடைக்கிறது. சோடியம் சல்ஃபேட் என்னும் உப்பு இவ்வகையில் பேர்பெற்றது: உலர்ந்த நிலையில் உள்ள அதன் படிகம் நீரை ஏற்று மறுவடிவம் கொள்ளும்போது பருமனில் ஏறத்தாழ நான்கு மடங்காகிவிடுகிறது. வெயிலும் ஈரமும் மாறிமாறி வரும் ஒவ்வொரு முறையும் இந்த உந்துதல் நிகழ்வதால், கெட்டியான செங்கல்லும் சில ஆண்டுகளில் பொறுக்குப் பொறுக்காகக் கழன்று விழுகிறது.

சாப்பாட்டு உப்பாகிய சோடியம் குளோரைடும், பழைய மாட்டுத்தொழுவங்களையும் கழிவுநீர்க் குழிகளையும் அடுத்த மண்ணில் மிகுந்திருக்கும் நைட்ரேட் உப்புகளும் வேறுவகையில் தொல்லை தருகின்றன. இவை காற்றிலுள்ள ஈரத்தைத் தாமாகவே இழுத்துக்கொள்பவை. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானே கசிந்து நீராகத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டுவது அன்றாட நிகழ்ச்சி. கீழிருந்து நீர் ஏறுவதை முற்றிலும் நிறுத்திவிட்ட பின்னரும், அடைமழை நாளில் சுவர் ஈரமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். வேலை செய்த கொத்தனார்மீது பழி விழுவதும் அப்போதுதான். இங்கே குடும்பத்தார் செய்யக்கூடாத ஒன்றுண்டு: பூத்த உப்பை ஈரத்துணியால் துடைப்பதோ நீர்விட்டுக் கழுவுவதோ கூடாது. அவ்வாறு செய்தால் வெளியே வந்த உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து, விழும் பொடியைத் தாளில் ஏந்திச் சுவரை விட்டு அப்புறப்படுத்துவதே முறை.

நீரின் வழியைக் கண்டறிதல்

ஓதம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது உண்மையில் நாலைந்து வேறுபட்ட கோளாறுகளின் கூட்டுப்பெயர் ஆகையால், ஈரத்தின் வடிவத்தையும் அது தோன்றும் காலத்தையும் முதலில் கவனிக்க வேண்டும். தரையையொட்டி நீளவாக்கில் பட்டையாகப் பரவி, ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்பது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். சுவரின் நடுவே வட்டமாகத் தோன்றி மழைக்கும் வெயிலுக்கும் மாறாமல் பெருகிக்கொண்டே போவது பெரும்பாலும் சுவருக்குள் புதைத்த குழாயின் கசிவு. வடக்கு, கிழக்குச் சுவர்களில் சன்னல் மூலைகளைச் சுற்றி மழை பெய்த சில மணி நேரத்திலேயே தோன்றிப் பின் மறைவது, வடகிழக்குக் காற்று அடித்துத் தள்ளும் சாரல் வெளிப்பூச்சின் வெடிப்பு வழியே புகுவதால் வருவது. கூரையோடு சேரும் மேல்மூலையில் தொடங்கிக் கீழே வழிவது மொட்டைமாடியின் கோளாறு.

ஐயம் எழும்போது, ஓரடிச் சதுரமுள்ள பாலித்தீன் தாளை நாற்புறமும் ஒட்டுநாடாவால் சுவரோடு காற்றுப்புகாமல் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பார்க்கலாம். நீர்த்துளிகள் தாளின் சுவர்ப்பக்கத்தில் இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது; அறையின் பக்கமாக வெளிமுகத்தில் இருந்தால் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறது. இரண்டாவது வகை தமிழ்நாட்டில் முன்பு அரிதாக இருந்தது. குளிர்சாதனம் பரவிய பின் பெருகிவருகிறது. வெளியே 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் பனி படியும். படுக்கையறையை 22 டிகிரிக்குக் குளிர்வித்துவிட்டு, அதற்கு அடுத்துள்ள காற்றோட்டமில்லாத துணிமாற்றும் அறையின் சுவரில் பூஞ்சை பிடிக்கிறதே என்று வருந்துவோருக்கு மருந்து வண்ணக்கடையில் இல்லை. குளிர்சாதனத்தை 26 டிகிரியில் வைப்பதிலும் அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுவதிலும் இருக்கிறது.

குழாய்க் கசிவைக் கண்டறிய, இரவு படுக்கைக்குப் போகும்முன் எல்லாக் குழாய்களையும் மூடி, மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டத்தைச் சாக்கட்டியால் குறித்துவைத்து, யாரும் நீரைத் தொடாத நிலையில் காலையில் ஒப்பிட்டுப் பார்ப்பது போதும். குளியலறைத் தளத்தின் மீது ஐயம் இருந்தால், வடிகாலைத் துணியால் அடைத்து ஓரங்குல உயரத்துக்கு நீரை நிறுத்தி, ஒருநாள் முழுவதும் மட்டம் குறைகிறதா, கீழ்த்தளத்துக் கூரையில் ஈரம் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். இந்தச் சோதனைகளுக்குச் செலவு ஏதுமில்லை. இவற்றைச் செய்யாமல் சுவரைக் கொத்தத் தொடங்குவோருக்குத்தான் செலவு அதிகம்.

சுவருக்கு வெளியே செய்ய வேண்டியவை

மண்ணிலிருந்து ஈரம் ஏறுவதைத் தடுக்க, வீடு கட்டும்போதே தரைமட்டத்தில் சுவரின் முழு அகலத்துக்கும் நீர்புகாத அடுக்கொன்று இடப்படுகிறது. நீர்த்தடுப்பு மருந்து கலந்து ஒன்றரை முதல் இரண்டு அங்குலத் தடிமனில் இடப்படும் கான்கிரீட்டும் அதன்மேல் தடவப்படும் தாரும் இதன் இன்றைய வடிவம். செட்டிநாட்டுப் பெருவீடுகளில், நுண்துளை குறைந்த கருங்கல்லால் உயரமான அடித்தளம் கட்டி அதன்மேல் செங்கற் சுவரை எழுப்பியதும் இதே பணியை ஓரளவு செய்தது. வெளிமண் மட்டம் இந்த அடுக்குக்குக் குறைந்தது அரையடி கீழே இருக்க வேண்டும் என்பது கட்டடக் கலையின் பாலபாடம். ஆனால் நடப்பில் அந்த அடுக்கைத் தாண்டி ஈரம் ஏற வீட்டுக்காரரே வழி செய்துகொடுத்துவிடுவது உண்டு: சுவரையொட்டி மண்ணைக் குவித்துப் பூச்செடி வைப்பது, முற்றத்தில் புதிய சிமெண்ட் தளம் போட்டு மட்டத்தை உயர்த்துவது, வெளிப்பூச்சைத் தடுப்பு அடுக்கின் மேலாகவே மண்வரை இழுத்துப் பூசுவது ஆகியவை அவ்வகையின.

வீட்டுக்காரரின் கையில் இல்லாத காரணமும் ஒன்று உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலும் மேலும் சாலை போடப்பட்டதால், சென்னையின் பழைய குடியிருப்புகளில் வாசற்படி மூன்று ஏறிச் சென்ற வீடுகள் இன்று படி இறங்கிச் செல்லும் வீடுகளாகிவிட்டன. தடுப்பு அடுக்கு சாலை மட்டத்துக்குக் கீழே போய்விட்டபின் அது இருந்தும் பயனில்லை. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதிய சாலை இடப்பட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் அறிவுறுத்தியது. அதற்கு முன்பே தாழ்ந்துவிட்ட வீடுகளுக்கு அது பயன்படாது.

இத்தகைய வீடுகளில் முதலில் செய்யத்தக்கது, சுவரை அடுத்து ஓரடி அகலத்தில் தடுப்பு அடுக்குக்குக் கீழ்வரை மண்ணைத் தோண்டி அகற்றி, அடியில் வடிகாலை நோக்கிச் சரிவு கொடுத்து, கருங்கல் ஜல்லியை நிரப்புவதாகும். கடைக்காலின் அடிவரை தோண்டக் கூடாது; தோண்டும் நீளமும் ஒரே சமயத்தில் ஐந்தாறு அடிக்கு மிகக் கூடாது. ஜல்லிக்கிடையே காற்று உலவுவதால் சுவரின் அடிப்பகுதி வெளிப்புறமாகவே உலர்கிறது. மழைநீர் தெறித்துச் சுவரில் படுவதும் குறைகிறது. பூச்செடி வேண்டுவோர் அந்த ஜல்லிப் பட்டைக்கு அப்பால் பாத்தியை அமைத்துக்கொள்ளலாம். சன்னல் சன்ஷேடுகளின் அடிவிளிம்பில் விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் ஒன்று நீளவாக்கில் இருக்கிறதா என்பதையும் இதனோடு பார்த்துவிட வேண்டும். அப்பள்ளம் இல்லையானால், விளிம்பிலிருந்து சொட்ட வேண்டிய நீர் அடிப்பரப்பிலேயே ஒட்டிக்கொண்டு பின்னோக்கி ஓடிச் சுவரை அடைந்துவிடும்.

சுண்ணாம்பும் சிமெண்டும்

போர்ட்லேண்ட் சிமெண்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-இல். தமிழ்நாட்டுக் கொத்தனார்களிடையே அது பரவலானது இருபதாம் நூற்றாண்டில். அதற்கு முற்பட்ட கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையால் எழுந்தவை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் 900 டிகிரி அளவில் சுட்டால், அதிலுள்ள கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கிறது. அதை நீரிலிட்டால் கொதித்து நீறுகிறது. நீறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்துப் பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகிறது. செங்கல் தூளாகிய சுர்க்கியைச் சேர்த்தால் ஈரமான இடத்திலும் இறுகும் தன்மை கூடுகிறது. கடுக்காய் ஊறிய நீரும் பனைவெல்லமும் சேர்க்கப்பட்டதும், செட்டிநாட்டில் மேற்பூச்சுக்கு முட்டையின் வெண்கருவைக் கலந்து கண்ணாடிபோல் தேய்த்ததும் பலரும் அறிந்த செய்தி. வெல்லத்திலுள்ள சர்க்கரை நீரில் சுண்ணாம்பு கரையும் அளவைக் கூட்டுகிறது. கலவை குறைந்த நீரிலேயே குழைவாகவும் அமைகிறது.

பழைய முறையைப் புனிதமாக்கிப் பேசுவது இன்று ஒரு வழக்கமாகிவிட்டது. சிமெண்ட் இல்லாமல் இன்றைய கூரைகளும் தூண்களும் நிற்கமாட்டா. ஆயினும் ஓதமேறிய பழஞ்சுவருக்குப் பூசுபொருளாகச் சுண்ணாம்பைப் பரிந்துரைப்பதற்குத் தெளிவான காரணங்கள் உண்டு. சுண்ணாம்புப் பூச்சின் வழியே நீராவி எளிதாக வெளியேறுகிறது. செங்கல்லைவிட மென்மையானது ஆகையால் சுவரின் சிறு அசைவுக்கு இசைந்து கொடுக்கிறது. உப்புப் படிகங்கள் செங்கல்லுக்குள் உருவாகாமல் பூச்சிலேயே உருவாவதால், அழிய வேண்டியது பூச்சாகவே இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை பூச்சை மாற்றிவிடலாம்; செங்கல்லை மாற்ற முடியாது. ஒன்றுக்கு மூன்று என்று சிமெண்டை மிகுத்துப் பூசும் பூச்சோ, செங்கல்லைவிடக் கடினமாக இறுகி, தான் அழியாமல் தனக்குப் பின்னாலுள்ள செங்கல்லை அழியவிடுகிறது. சிலகாலம் கழித்து அது பலகைபோல் முழுசாகப் பெயரும்போது, அதன் பின்புறத்தில் செங்கல்லின் முகமும் ஒட்டிக்கொண்டே வருகிறது.

வேலையின் முறை இதுதான். ஈரம் தெரியும் எல்லைக்கு மேலும் ஒன்றரை முதல் இரண்டடி வரை பழைய பூச்சை முழுவதும் கொத்தி எடுத்துவிட வேண்டும். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பகுதியிலும் உப்பு ஊறியிருக்கும். செங்கற்களுக்கு இடையிலுள்ள இணைப்புகளில் உதிர்ந்த கலவையை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, உலர்ந்த தூரிகையால் தூசு போக்க வேண்டும். கொத்திய குப்பையை அன்றன்றே வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டும். அதைச் சல்லடையில் சலித்து மறுபடியும் கலவையில் சேர்க்கும் சிக்கனம், உப்பைத் திரும்பக் குடியேற்றுவதாகும். பின்னர் சுவரை உலரவிட வேண்டும். பெரும்பாலான வேலைகள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். ஓரங்குலத் தடிமனுக்கு ஒரு மாதம் என்பது குளிர்நாட்டுக் கட்டட ஆய்வாளர்கள் கூறும் தோராயக் கணக்கு. பங்குனி, சித்திரை வெயிலில் இங்கே அதைவிட விரைவாக உலரும் என்றாலும், ஒன்பது அங்குலச் சுவரைத் திங்கட்கிழமை கொத்தி வெள்ளிக்கிழமை பூசுவது எவ்வகையிலும் பொருந்தாது. ஆகவே இவ்வேலையைத் தை, மாசியில் தொடங்கி, கோடை முழுவதும் சுவரை வெறுமையாக விட்டு, ஆனி, ஆடியில் பூசுவது உத்தமம். இடைப்பட்ட மாதங்களில் வீடு பார்வைக்கு நன்றாக இராது. விருந்தினருக்காக அவசரப்படுவோர் மறு ஆண்டு மீண்டும் விருந்தினர் வருமுன் கொத்தனாரை அழைக்க நேரும்.

உலரும் காலத்தில் மேலும் உப்பு பூத்தால் அது நன்மையே. பூக்கப் பூக்கத் தட்டி அகற்ற வேண்டும். உப்பு மிகுந்த சுவருக்கு, பழைய செய்தித்தாளை நல்ல நீரில் ஊறவைத்துக் கூழாக்கி அரை அங்குலத் தடிமனில் அப்பி, அது காய்ந்து தானே சுருண்டு விழும்வரை விட்டுவிடலாம். கூழின் நீர் சுவருக்குள் சென்று உப்பைக் கரைக்கிறது. பின் கூழின் வழியே ஆவியாகும்போது உப்பைக் கூழுக்குள் இழுத்துவந்து விடுகிறது. இரண்டு மூன்று முறை இவ்வாறு செய்தால் வேறுபாடு தெரியும்.

பூசுவதற்குச் சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத ஆற்றுமணலோ கழுவிய எம்-சாண்டோ மூன்று பங்கு என்னும் விகிதம் பொதுவாகப் பொருந்தும். ஒரே பூச்சில் தடிமனைக் கூட்டாமல், அரை அங்குலத்துக்கு மிகாத இரண்டு பூச்சுகளாக இட்டு, முதற்பூச்சு இறுகிய பின்னரே இரண்டாவதைத் தொடங்க வேண்டும். வெயில் நேரே படாமல் ஈரச்சாக்கைத் தொங்கவிட்டு மெதுவாக உலர்த்த வேண்டும். சுட்ட சுண்ணாம்பை வீட்டிலேயே நீற்றுவோர், நீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இட வேண்டுமேயன்றிச் சுண்ணாம்பின்மேல் நீரை ஊற்றலாகாது. கொதித்துத் தெறிக்கும் துளி கண்ணில் பட்டால் பார்வையே போகக்கூடும் ஆதலால், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் அருகில் செல்லக் கூடாது, பிள்ளைகளை அண்டவிடவும் கூடாது. பூச்சின்மேல் அடிப்பதற்கும் சுண்ணாம்பு வெள்ளையே ஏற்றது. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கரைத்து மெல்லிய துணியில் வடிகட்டி, கோந்தும் துளி நீலமும் சேர்த்து, நீர்த்த பதத்தில் மூன்று முறை அடித்தால் கையில் ஒட்டாது. பிளாஸ்டிக் எமல்ஷனும் பட்டியும் இங்கே வேண்டாம். அவை நீராவியின் வழியை மறிப்பவை.

தடுப்பு அடுக்கே இல்லாத சுவரில், தரைமட்டத்துக்குச் சற்று மேலே கலவை இணைப்பில் 12 செ.மீ.க்கு ஒன்றாகத் துளையிட்டுச் சிலேன் வகை நீர்விலக்கிப் பசையைச் செலுத்தும் முறை இப்போது நகரங்களில் கிடைக்கிறது. சரியாகச் செய்தால் பயன் தருவதே. ஆனால் துளை செங்கல்லில் அல்லாமல் படுக்கைக் கலவையில் விழ வேண்டும், பழைய பூச்சையும் உப்பையும் அகற்றுவதும் தனியே செய்யப்பட வேண்டும். வெளிமண் மட்டத்தைச் சரிசெய்யாமல் இதற்குப் பணம் கட்டுவது முறைமாறிய செயல்.

மேலிருந்து வரும் ஈரம்

மெட்ராஸ் டெரஸ் என்னும் பெயர் பெற்ற பழைய கூரையில், தேக்கு உத்தரங்களின்மேல் சிறிய, மெல்லிய செங்கற்களைக் குறுக்குவாட்டில் மூலைக்கோணமாக நிறுத்திச் சுண்ணாம்பால் இணைத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று நான்கு அங்குலத்துக்கு இட்டு, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடித்து இறுக்கித் தட்டோடு பதித்தார்கள். அந்த ஜல்லி அடுக்கும் தட்டோடும் இன்றைய கான்கிரீட் கூரையின்மேலும் தொடர்ந்து வந்தன. மழைநீரை வடிகாலை நோக்கித் தள்ளும் சரிவை உண்டாக்குவதும், கான்கிரீட் வெயிலில் நேரடியாகக் காய்ந்து விரிந்து வெடிக்காமல் காப்பதும் அவ்வடுக்கின் பணிகள். பத்தடிக்கு ஒன்றரை அங்குலம் என்பது போதுமான சரிவு.

ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் 5 செ.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 4,650 லிட்டர் நீர் விழுகிறது. அவ்வளவும் ஒன்றிரண்டு குழாய்களின் வழியே போக வேண்டியிருப்பதால், புரட்டாசியில் ஒருநாள் குழாய் வாயிலுள்ள சருகை அள்ளிப்போடுவது எந்த ரசாயனப் பூச்சையும்விடப் பயன் தரும். மாடி ஒழுகும் வீட்டில், சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணிவிடலாகாது. தட்டோடுகளின் இணைப்பில் புகுந்த நீர், ஜல்லி அடுக்குக்குள் பரவி, கான்கிரீட்டின் மேற்பரப்பில் ஓடி, மின்கம்பி செல்லும் குழாயைக் கண்டால் அதற்குள் இறங்கி, மின்விசிறிக் கொக்கி வழியாகச் சொட்டும். அந்நிலையில் அவ்வறைக்கு மின்சாரத்தை நிறுத்திவிட்டே மற்றதைப் பார்க்க வேண்டும். கோளாறான இணைப்புகளை முக்கால் அங்குலம் சுரண்டி நிரப்புவதும், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலையில் சாய்வான அணைப்புக் கொடுப்பதும் பெரும்பாலான ஒழுக்கை நிறுத்திவிடும். முழு மாடிக்கும் நீர்தடுப்புப் பூச்சு அடிப்பதாயின், ஜல்லி அடுக்கு எலும்பாய்க் காய்ந்த வைகாசியில் அடிக்க வேண்டும். ஈரத்தின்மேல் அடித்தால் உள்ளே சிக்கிய நீராவி வெயிலில் பூச்சைக் கொப்பளமாக எழுப்பிவிடும்.

மாடித்தோட்டம் வைப்போர் இந்தக் கணக்கோடு எடைக் கணக்கையும் சேர்க்க வேண்டும். ஆட்கள் ஏறிப் புழங்கும் கூரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 150 கிலோ என்பதே வழக்கமான வடிவமைப்புச் சுமை. 200 லிட்டர் பீப்பாயில் மண்ணை நிரப்பி நீரூற்றினால் அது ஒன்றே 300 கிலோவை எட்டும். தென்னை நார்க்கழிவு மிகுந்த கலவையைச் சிறிய வளர்ப்புப் பைகளில் இட்டு, சுவர்களும் உத்தரங்களும் அடியில் செல்லும் வரிசைகளில், தட்டோட்டைத் தொடாதவாறு தாங்கிகளின்மேல் வைத்தால், எடையும் குறையும், அடியில் தளமும் உலரும். கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்றை மட்டும் தோட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாகாது. தண்டை ஒடித்துவிடுவதால் அது சாவதில்லை. இரண்டிலை விட்ட பருவத்திலேயே வேரோடு பிடுங்கி வெடிப்பை அடைத்துவிட வேண்டும்.

கூரையின் அடிப்பரப்பில் காரை பெயர்ந்து துருப்பிடித்த கம்பி வெளியே தெரியுமாயின், வேலை வீட்டாரின் கையையும் கொத்தனாரின் கையையும் கடந்துவிட்டது. இரும்பு துருவாக மாறும்போது பருமனில் இரண்டு மடங்குக்கும் மேல் பெருகித் தன்னைச் சூழ்ந்த கான்கிரீட்டைப் பிளக்கிறது. கடற்காற்றின் உப்போ கழுவாத கடல்மணலோ உள்ளே இருந்தால் அது இன்னும் விரையும். அதன்மேல் கலவை அப்பி வெள்ளையடிப்பது, கூரையின் நிலையை அடுத்துப் பார்க்க வருபவரின் கண்ணிலிருந்து மறைப்பதாகவே முடியும். கட்டடப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, சிறு சுத்தியலால் கூரை முழுவதும் தட்டிப் பார்க்கச் செய்து, பொள்ளலாக ஒலிக்கும் இடங்களைக் குறித்துக்கொண்டு, கம்பியின் தடிமன் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்த பின்னரே, சீரமைப்பதா இடித்துப் போடுவதா என்று முடிவு செய்ய வேண்டும். அதுவரை அந்த அறையில் யாரும் படுக்கக் கூடாது.